பழைய கடைவீட்டை ஒட்டி ஒரு ஆபிஸ் டவர்: சிங்கப்பூர்ல பெர்மிஷன் எப்படிக் கிடைக்குது?

போன வெள்ளிக்கிழமை சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே தெலுக் ஆயர் பக்கம் கோப்பி குடிக்க நடந்து போன எங்க மாமா வாட்சப்புல ஒரு போட்டோ அனுப்பினாரு. கீழே கடை, மேல வீடுன்னு ஒரு கடைவீட்டு வரிசை, அதோட கடைசிச் சுவரை ஒட்டி தகரத் தடுப்பு, அதுக்கு மேல அஸ்திவாரத் தூண் (பைல்) இறக்குற பைலிங் மெஷினோட தலை மட்டும் எட்டிப் பாக்குது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "ஏன் மருமவனே, நீதான் ஆர்க்கிடெக்ட் ஆபிஸ்ல இருக்கியே, இவ்ளோ பழைய கட்டடத்துக்குப் பக்கத்துல இவ்ளோ பெரிய ஆபிஸ் கட்ட யாரு பெர்மிஷன் குடுத்தா? நம்மள ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டாங்களா?"

நான் ஆர்க்கிடெக்ட் இல்ல, டிராஃப்டர். பிளான் வரையிறவன், அது யூஆர்ஏவுக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி உக்காந்து ஏரியா கணக்கு டேலி ஆகுதான்னு பாக்குறவன். ஆனா மாமாவுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது, அதனால பதில் சொல்லித்தான் ஆகணும். போன்ல அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், இந்தக் கேள்வி நிறைய பேருக்கு இருக்கும்னு நினைக்கிறேன்.

யாரு குடுத்தாங்கன்னு கேட்டா சுருக்கமான பதில் நகர மறுசீரமைப்பு ஆணையம், அதான் யூஆர்ஏ. ஆனா எப்போ குடுத்தாங்கன்னு கேட்டாத்தான் விஷயம் புரியும். ஏன்னா ஹோர்டிங், அதாவது அந்தத் தகரத் தடுப்பு, அடிக்கிற அன்னிக்கு நாம பாக்குறது கடைசிக் காட்சி. இந்த எடத்துல ஆபிஸ் வரலாம், இவ்ளோ பெருசா வரலாம்னு முடிவானது அதுக்குப் பல வருஷம் முன்னாடி, ஒரு மேப்புல.

அந்த மேப்புக்குப் பேரு மாஸ்டர் பிளான். சிங்கப்பூர் முழுக்க ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதுல ஒரு கலர் இருக்கும், நிறைய நிலத்து மேல ஒரு நம்பரும் இருக்கும். கலர் என்ன சொல்லுதுன்னா அந்த நிலத்தை எதுக்குப் பயன்படுத்தலாம்னு, உதாரணத்துக்கு நீலம்னா வணிகம், ஆபிஸ் கடை எல்லாம் அதுல வரும். நம்பர்தான் பிளாட் ரேஷியோ. இதை நிறைய பேர் மாடிக் கணக்குன்னு தப்பா நினைச்சுக்கிறாங்க. 2,000 சதுர மீட்டர் நிலம், நம்பர் 10ன்னு வச்சுக்குங்க, மொத்தமா 20,000 சதுர மீட்டர் தளம் கட்டலாம், அவ்ளோதான் அதுக்கு அர்த்தம். நிலம் முழுக்க அடைச்சுக் கட்டினா 10 மாடி, பாதி நிலத்துல கட்டினா 20 மாடி, கால்வாசியில கட்டினா 40. கரண்டியில இருக்கிற மாவு ஒண்ணுதான், மெலிசா பெரிய தோசையா இழுக்குறதா இல்ல நடுவுல ஊத்தி ஊத்தப்பமா விடுறதாங்கிறது ஊத்துறவங்க கையில.

அதுக்காக வானம் வரைக்கும் ஊத்தப்பம் ஊத்திட முடியாது. உயரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கு, விமானம் பறக்குற பாதை அதுல முக்கியமான காரணம். ராஃபிள்ஸ் பிளேஸ்ல ஓயூபி சென்டர் (இப்ப ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ்), யூஓபி பிளாசா, ரிபப்ளிக் பிளாசா மூணும் சுமார் 280 மீட்டர்ல சொல்லி வச்ச மாதிரி நிக்குதே, அது டிசைன் பண்ணவங்களோட ஒத்துமை இல்ல, அதுக்கு மேல போக விடல.

இந்த மாஸ்டர் பிளானை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாத்து மாத்துவாங்க, அடுத்த 10 இல்லாட்டி 15 வருஷத்துக்கு நிலம் எப்படிப் பயன்படணும்ங்கிற கணக்கு அது. இதுக்கும் மேல இன்னும் நீண்ட காலத் திட்டம் ஒண்ணு இருக்கு, 1971ல முதல்ல போட்டது, எம்ஆர்டி ரயில், சாங்கி விமான நிலையம் எல்லாம் அந்தப் பரம்பரையில வந்ததுதான், அதை இங்க விட்டுடலாம். நமக்கு வேண்டியது என்னன்னா, டெவலப்பர் நிலம் வாங்கும்போதே கலரும் நம்பரும் தெரிஞ்சுதான் வாங்குறாரு, விலையும் அதை வச்சுத்தான் குடுக்குறாரு. அப்புறம் போய் "ஆபிஸ் வேணாம், உயரமா இருக்கு"ன்னு அதிகாரி சொல்ல முடியாது, அவரு வச்சிருக்கிற மேப்பே அதைத்தானே சொல்லுது.

சரி, அப்ப பழைய கட்டடத்துக்கு என்ன பாதுகாப்பு? இங்கதான் மாமா குழம்பினாரு, நானும் வேலைக்குச் சேந்த புதுசுல குழம்பியிருக்கேன். பழசா இருக்கிறதுனால மட்டும் எந்தக் கட்டடத்துக்கும் சட்டப்படி பாதுகாப்பு கிடையாது. அரசிதழ்ல பேரு வரணும். அதுலயும் ரெண்டு வகை இருக்கு.

முதல் வகை தேசிய நினைவுச்சின்னம். இதைப் பாத்துக்கிறது தேசிய மரபுடைமைக் கழகம். 1973ல முதல் தொகுதியா எட்டுக் கட்டடத்தை அறிவிச்சாங்க, நம்ம மாரியம்மன் கோயில் அதுல ஒண்ணு, லாவ் பா சாட்ங்கிற பழைய சந்தை மண்டபம் ஒண்ணு. அடுத்த வருஷமே தெலுக் ஆயர் ஸ்திரீட்ல இருக்கிற நாகூர் தர்காவும், கொஞ்சம் தள்ளி அல் அப்ரார் பள்ளிவாசலும் சேந்துச்சு. அல் அப்ராருக்கு அந்தக் காலத்துல குச்சுப் பள்ளின்னு பேரு, 1827ல குடிசை மாதிரி ஆரம்பிச்சதால நம்ம ஆளுங்க வச்ச தமிழ்ப் பேரு அது, இன்னிக்கும் இங்கிலீஷ்ல எழுதுறவங்ககூட அந்தப் பேரைக் குறிப்பிடுறாங்க. இந்த வகைக் கட்டடத்துல ஆணி அடிக்கணும்னாலும் யோசிச்சுத்தான் அடிக்கணும்.

ரெண்டாவது வகை பாதுகாப்புக் கட்டடம், அதாவது இடிக்காம காப்பாத்தணும்னு அறிவிச்சது, இது யூஆர்ஏ கையில. 1989 ஜூலையில சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், போட் கீன்னு பத்து வட்டாரத்தை மொத்தமா அறிவிச்சாங்க, அப்பவே 3,200 கட்டடத்துக்கு மேல. இப்ப 7,200ஐத் தாண்டியாச்சு. பெரும்பாலும் கடைவீடுங்கதான். சைனாடவுன், லிட்டில் இந்தியா மாதிரி வரலாற்று வட்டாரத்துல முகப்பு மட்டும் வச்சுட்டு பின்னாடி இடிச்சுக் கட்டுற கதை நடக்காது, கூரை, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற பொதுச் சுவர், வெளிச்சம் வர்ற முற்றம், மரச்சட்டம் எல்லாம் முடிஞ்ச வரைக்கும் அப்படியே இருக்கணும், கெட்டுப்போனதைப் பழுது பாக்கணும், வேற வழியே இல்லன்னாதான் மாத்தணும். ஆனா உள்ளே என்ன தொழில் நடக்குதுங்கிறது வேற விஷயம். மளிகைக் கடை இருந்த எடத்துல இன்னிக்கு வக்கீல் ஆபிஸ் இருக்கலாம், ஜிம் இருக்கலாம். உடம்பைக் காப்பாத்துவாங்க, உள்ளே இருந்த பொழப்பைக் காப்பாத்த மாட்டாங்க. எனக்கு இதுல வருத்தம் உண்டு, ஆனா சட்டம் அதுதான்.

மாமா போட்டோவுல இருந்த கடைவீடுங்க பாதுகாப்புல இருக்கு. ஹோர்டிங்குக்கு உள்ளே இருந்தது அறுபது எழுபதுகள்ல கட்டின மாதிரி சாதாரண பிளாக், அது எந்தப் பட்டியல்லயும் இல்ல, அதனால அதை இடிக்கிறதுல எந்தத் தடையும் வரல. ஆனா பட்டியல்ல இல்லாத நிலம் பட்டியல்ல இருக்கிற கட்டடத்தை ஒட்டி இருந்தா, இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. பெர்மிஷன்ல உண்மையான இழுபறி எல்லாம் இங்கதான்.

நடைமுறை இதுதான். விண்ணப்பத்தைச் சொந்தக்காரரே எழுதிப் போட முடியாது, தகுதி பெற்ற நிபுணர், அதாவது பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டோ இஞ்சினியரோதான் போடணும். யூஆர்ஏ அதைப் பாத்து, கேள்வி கேட்டு, திருப்பி அனுப்பி, திரும்ப வாங்கி, ஓரளவு சரின்னா தற்காலிக அனுமதி குடுக்கும், சொன்ன நிபந்தனை எல்லாம் நிறைவேத்தினா எழுத்துபூர்வ அனுமதி. அது ரெண்டு வருஷத்துக்குச் செல்லும், அதுக்குள்ள வேலையில முன்னேற்றம் காட்டணும் இல்ல நீட்டிச்சுக் கேக்கணும். இதோட முடிஞ்சுதான்னா இல்ல, யூஆர்ஏ சொல்றது "இந்த எடத்துல இந்த உருவத்துல கட்டலாம்"னு மட்டும்தான். கட்டடம் விழாம நிக்குமாங்கிறதை பிசிஏ (கட்டட, கட்டுமான ஆணையம்) பாக்கும், தீப்பிடிச்சா ஆளுங்க வெளிய வர முடியுமான்னு குடிமைத் தற்காப்புப் படை பாக்கும், லாரி எந்தப் பக்கம் வந்து திரும்பும்னு எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) பாக்கும், மரத்துக்குப் பூங்காக் கழகம், சாக்கடைக்கு பியூபி (பொதுப் பயனீட்டுக் கழகம்). இதுல ஒருத்தர் சரின்னு சொல்ற மாத்தத்தை இன்னொருத்தர் வேணாம்பாரு, டிராஃப்டருக்குத் தலைமுடி கொட்டுறது இந்த கட்டத்துலதான்.

பக்கத்துல பாதுகாப்புக் கட்டடம் இருந்தா யூஆர்ஏ என்ன கேக்கும்? ரோட்டோரத்துல வர்ற பாகம் பக்கத்து கடைவீட்டு வரிசையோட உயரத்துக்கு ஒத்துப்போகணும்னு கேக்கலாம், டவர் அதுக்குப் பின்னாடி தள்ளி எழும்பணும். நடந்து போறவங்க கண்ணுக்கு முதல்ல பழைய வரிசைதான் தெரியணும்ங்கிறது எண்ணம். போட் கீயை ஆத்துக்கு எதிர்க்கரையில நின்னு பாருங்க, முன்னாடி ஓட்டுக்கூரைக் கடைவீடு, தலைக்கு மேல யூஓபி பிளாசா. சுற்றுலாப் பயணிங்க போட்டோ எடுக்குறதே அந்த முரணுக்காகத்தான். ரசனையான்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு அபிப்ராயம், எனக்கு ராத்திரியில பிடிக்கும், பகல்ல பிடிக்காது.

அப்புறம் அஞ்சடி. கடைவீட்டு முன்னாடி கூரையோட இருக்கிற நடைபாதை, 1822ல ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்துல இருந்து வர்ற பழக்கம். புதுக் கட்டடமும் தன் பங்குக்கு மூடின நடைபாதை விட்டு இந்த அஞ்சடியோட சேத்துவிடணும், மழையில நனையாம இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குப் போகணும். கேக்க சுலபமா இருக்கும். ஒரு புராஜெக்ட்ல சர்வே பிளானை நம்பி நான் வரைஞ்சு முடிச்சுட்டேன், சைட்டுக்குப் போய் டேப் வச்சுப் பாத்தா பழைய அஞ்சடியோட தரை நான் வரைஞ்சதைவிட ஒரு ஜாண் கீழே கிடக்கு, அதுலயும் ஒவ்வொரு கடை வாசல்லயும் ஒவ்வொரு மட்டம், ஒருத்தர் சிவப்பு ஓடு, ஒருத்தர் பச்சைப் பூ டைல்ஸ், ஒருத்தர் வெறும் சிமென்ட். படி வச்சா சக்கர நாற்காலி ஏறாது, சரிவு வச்சா எடம் பத்தாது. அந்த ஒரு ஜாணுக்காக மூணு வாரம் போச்சு, டவரோட 30 மாடிக்கு அவ்ளோ பேச்சு நடக்கல.

இனி மண்ணுக்குள்ள போவோம், ஏன்னா மாமாவோட நிஜ பயம் அதுதான், பக்கத்துல தோண்டினா பழைய சுவர் நிக்குமா. தெலுக் ஆயர்னா மலாய்ல தண்ணி விரிகுடா. அந்தக் காலத்துல அலை வந்து மோதின கரை அது, அதனாலதான் கப்பல்ல வந்து இறங்கினவங்க நன்றி சொல்லிக் கும்பிட சீனக் கோயிலும் தர்காவும் பள்ளிவாசலும் ஒரே தெருவுல வரிசையா இருக்கு. 1880கள் வாக்குல கடலைத் தூத்து நிலமாக்கினாங்க. அதாவது ராபின்சன் ரோடு பக்கம் நீங்க நிக்கிறது பழைய கடல் மேல. கீழே இருக்கிற களிமண்ணு கொழகொழன்னு இருக்கும், ஒரு எடத்துல தோண்டினா பக்கத்துல இருக்கிறது மெல்ல அசையும். கடைவீடுங்களோ ஆழமான பைல் எல்லாம் இல்லாம நிக்குது.

2004 ஏப்ரல்ல நிக்கல் ஹைவேல எம்ஆர்டி தோண்டும்போது இடிஞ்சு விழுந்து நாலு பேர் இறந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் ஆழமாத் தோண்டுறதுக்கு விதிகள் ரொம்ப இறுகிடுச்சு, 6 மீட்டருக்கு மேல தோண்டினா மண் நிபுணரும் தனியாக் கையெழுத்துப் போடணும். வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே பக்கத்துக் கட்டடங்களுக்குள்ள போய் இருக்கிற விரிசலை எல்லாம் போட்டோ எடுத்துப் பதிஞ்சு வைப்பாங்க, நாளைக்கு "இது நீங்க தோண்டினதால வந்தது", "இல்ல முன்னாடியே இருந்தது"ன்னு சண்டை வரக் கூடாதுல்ல. மாமா அனுப்பின போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன், கடைசிக் கடைவீட்டுத் தூண்ல ஜன்னலுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி மாதிரித் தகடு ஒட்டியிருந்துச்சு, அதுல கட்டம் போட்டு நடுவுல சிவப்புக் கோடு. அது விரிசல் அளக்குற கேஜ். ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும், விரிசல் ஒரு மில்லிமீட்டர் விரிஞ்சா கோடு ஒரு கட்டம் நகரும். யாராச்சும் ஒருத்தர் தவறாம வந்து பாத்து எழுதிட்டுப் போவாங்க, வரம்பைத் தாண்டினா வேலையை நிறுத்திக் காரணம் பாக்கணும். "நான் ஏதோ விளம்பர ஸ்டிக்கர்னு நினைச்சேன்"னாரு மாமா.

லாவ் பா சாட் கதை இதைவிட சுவாரசியம். 1980கள்ல எம்ஆர்டி சுரங்கம் கீழே போறப்ப அந்த வார்ப்பிரும்பு மண்டபத்தையே துண்டு துண்டா கழட்டி எடுத்து வச்சுட்டு, வேலை முடிஞ்சதும் திரும்ப மாட்டினாங்க. இன்னிக்கு சத்தே வாங்கித் தின்னுட்டு மேல பாத்தா தெரியுற அந்தத் தூணுங்க ஒரு காலத்துல கழட்டிப் போட்ட தூணுங்க.

காசு விஷயத்தையும் சொல்லிடறேன். நிலத்துக்கு முன்ன இருந்ததைவிட அதிகமா கட்ட அனுமதி கிடைச்சா நிலத்தோட மதிப்பு ஏறும், அப்படி ஏறுறதுல ஒரு பங்கை அரசாங்கம் வாங்கிக்கும். முன்னாடி இதுக்கு வேற பேரு, 2022 ஆகஸ்ட்ல இருந்து நில மேம்பாட்டுக் கட்டணம், வசூலிக்கிறது சிங்கப்பூர் நில ஆணையம். இதையே வச்சு ஆசை காட்டவும் செய்யலாம். பீச் ரோட்டு கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 1973ல கட்டி முடிச்சது, தாய்லாந்துக்கு பஸ் ஏற நம்ம ஆளுங்களும் போய் நின்ன எடம்தான். பல சொந்தக்காரங்க இருந்த கட்டடம், இடிச்சு வித்தா நல்ல காசு. 2021ல அதைப் பாதுகாப்புக் கட்டடமா அறிவிச்ச அரசாங்கம், பழசை வச்சுக்கிட்டா பக்கத்துல புது டவர் கட்டலாம், தளப் பரப்பு மூணுல ஒரு பங்கு கூடுதலாத் தர்றோம், கட்டணத்துலயும் கொஞ்சம் கழிச்சுக்கிறோம்னு சொல்லுச்சு. அடுத்த வருஷம் 700 மில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) விலை போச்சு. அதே ரோட்டுல சவுத் பீச் பாருங்க, நாலு பழைய ராணுவக் கட்டடத்தை நடுவுல வச்சுக்கிட்டு ரெண்டு டவர். பழசைக் காப்பாத்துறது செண்டிமெண்ட்டால மட்டும் நடக்காது, கணக்குலயும் கட்டுப்படி ஆகணும்.

இன்னொண்ணு, எல்லாரும் நினைக்கிற மாதிரி அரசாங்கம் டவுன்டவுன்ல ஆபிஸா அடுக்கிக்கிட்டே போகச் சொல்லல. 2019ல இருந்து ஆன்சன் ரோடு, ராபின்சன் ரோடு பக்கம் பழைய ஆபிஸை வீடா, ஹோட்டலா மாத்தினா கூடுதல் பரப்பு தர்றாங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல அந்தத் தெருவுல நடந்து பாத்தவங்களுக்கு ஏன்னு புரியும்.

"எல்லாம் சரி, நம்மள யாரு கேட்டா?" மாமா விடல.

கேட்டாங்க, ஆனா நாம அங்க இல்ல. ஒவ்வொரு மாஸ்டர் பிளானுக்கும் முன்னாடி வரைவைக் காட்சிக்கு வச்சு கருத்துக் கேக்குறாங்க, 2025லயும் வச்சாங்க. நடுவுல ஏதாவது நிலத்தோட கலரையோ நம்பரையோ மாத்தணும்னா அதையும் அறிவிச்சு, ஆட்சேபம் சொல்லக் கொஞ்ச நாள் குடுப்பாங்க. ஆனா மேப்புல ஏற்கெனவே இருக்கிறபடிதான் கட்டப் போறாங்கன்னா, அக்கம்பக்கத்துல ஓட்டு எடுக்குற வழக்கம் இங்க கிடையாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டா போட்டவரு தேசிய வளர்ச்சி அமைச்சருக்கு மேல்முறையீடு செய்யலாம், பக்கத்துக் கடைக்காரர் "ஏன் அனுமதிச்சீங்க"ன்னு அந்த வழியில போக முடியாது. இது எனக்கு நியாயமாப் படலன்னு ஆபிஸ்ல சொன்னா, பக்கத்து சீட்டு நண்பர் "எல்லாரும் தடுத்தா உனக்கு வேலை ஏது"ம்பாரு. அதுவும் உண்மைதான்.

அதுக்காக சத்தம் போட்டா பலனே இல்லன்னு நினைக்காதீங்க, காலத்தோட போடணும், அவ்ளோதான். ஸ்டாம்ஃபர்ட் ரோட்டுல இருந்த பழைய தேசிய நூலகத்துக்கு எவ்ளோ பேர் எழுதினாங்க, பேசினாங்க, ஆனா சுரங்கப்பாதைத் திட்டம் முடிவாகியிருந்துச்சு, 2004ல மூடி, அப்புறம் இடிச்சாச்சு. செங்கல் வாசல் தூண் ரெண்டு மட்டும் மிச்சம். ஆனா அந்த ஆத்திரம் வீண் போகலன்னு இன்னிக்கும் சொல்றவங்க இருக்காங்க, அதுக்கப்புறம் பழைய எடத்தைப் பத்திப் பேசுறது பொதுமக்களுக்குப் பழகிடுச்சு. இப்ப முக்கியமான எடத்துல பெரிய வேலைன்னா மரபுடைமை பாதிப்பு ஆய்வு பண்ணிட்டுத்தான் மேல போறாங்க.

இதைச் சொல்லிட்டு இருக்கும்போது மாமா திடீர்னு அமைதியாயிட்டாரு. அப்புறம் கேட்டாரு, "அப்ப செட்டித் தெருவு?"

மார்க்கெட் ஸ்திரீட்டைத்தான் சொல்றாரு. அங்க கிட்டங்கிங்க இருந்துச்சு, நீளமான கூடம், சுவரோரமா ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு மரப்பெட்டி, அதுதான் செட்டியாருங்களோட வங்கி, ராத்திரி அதே எடத்துல படுக்கை. மாமா பதினாறு வயசுல அங்க பக்கத்து ஆபிஸ்ல எடுபிடியா சேந்தவரு, கிட்டங்கி சமையல்கட்டு வாசனையை இன்னிக்கும் சொல்லுவாரு. 1989 வரைக்கும் அது நின்னிருந்தா ஒருவேளை பட்டியல்ல ஏறியிருக்கும். அதுக்கு முன்னாடியே நகர மறுசீரமைப்புல போயிடுச்சு, அந்தத் தெருவுல கோல்டன் ஷூ கார்பார்க் வந்துச்சு, அதையும் இடிச்சு 2021ல கேப்பிட்டாஸ்பிரிங் வந்துச்சு, 51 மாடி, அதுவும் அதே 280 மீட்டர்.

யூஆர்ஏ வெப்சைட்ல மேப் இலவசமாவே இருக்கு மாமா, அஞ்சல் குறியீடு போட்டா கலர், நம்பர், பாதுகாப்புல இருக்கா இல்லையான்னு எல்லாம் காட்டும்னு லிங்க் அனுப்பினேன். மாரியம்மன் கோயிலைப் பாப்பாருன்னு நினைச்சேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்கிரீன்ஷாட் வருது, அவரு தினமும் கோப்பி குடிக்கிற கடை இருக்கிற வரிசை. கீழே ஒரு வரி: "இதுல பாதுகாப்புன்னு ஒண்ணும் காட்டலியே, அடுத்த கண்காட்சி எப்பப்பா?"